தோற்ற பொறகு நீங்க என்ன செஞ்சீங்க சேர்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள். அமெரிக்க அரசியலைப் பற்றித்தான் எழுதுகிறோம், ஆனால் முடிவில் எமது ஊருக்கும் வந்து சேருவோம்.

போன வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை. தரம் 11, குடியுரிமைக் கல்வி. மின்விசிறி ஒன்றுதான் சுற்றுகிறது, பிள்ளைகளுக்கு வீட்டு நினைவு. நிறைவேற்று ஜனாதிபதி முறைக்கு அமெரிக்காவை உதாரணம் காட்டிக்கொண்டிருந்தோம். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் அல் கோர் நாடு முழுவதும் அதிக வாக்குகள் எடுத்தும் ஜனாதிபதியாக முடியாமல் போனதையும், நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாளே தோல்வியை ஏற்றுப் பேசியதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னோம்.

பின் வாங்கில் இருந்து ஒரு மாணவன் எழும்பினான்.

"சேர், அவர் விட்டுக்குடுக்காம இருந்திருந்தா புஷ் வந்திருக்க மாட்டாரே. புஷ் வராட்டி ஈராக்ல யுத்தமும் வந்திருக்காதே. அப்ப அவர் செஞ்சது சரியா?"

நல்ல கேள்வி. பதிலை யோசிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன் மெதுவாகச் சொன்னான்.

"சேர், நீங்களும் கழகத் தேர்தல்ல தோத்தீங்கதானே. அதுக்குப் பொறகுதானே வேற கழகம் தொடங்கினீங்க? வாப்பா சொன்னாரு."

வகுப்பு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பியிருப்போம். மணி அடித்தது, எல்லோரும் போய்விட்டார்கள். இரண்டு கேள்விக்கும் நாம் பதில் சொல்லவில்லை. இந்தப் பதிவுதான் பதில்.

முதலில் ஒரு விளக்கம். எமது நாட்டில் தேர்தல் முடிந்தால் தேர்தல் ஆணைக்குழுத் தலைவர் வந்து முடிவை அறிவிப்பார். அமெரிக்காவில் அப்படி ஒருவர் இல்லை. மத்திய தேர்தல் ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது தேர்தல் பிரசாரப் பணத்தைக் கண்காணிக்கும் அமைப்பு. வாக்கெடுப்பை நடத்துவதும் எண்ணுவதும் 50 மாநிலங்களின் வேலை. மாநிலங்களுக்குத் தேர்வாளர் வாக்குகள் என்று ஒதுக்கீடு உண்டு. தலைநகரையும் சேர்த்து மொத்தம் 538. அதில் 270 எடுப்பவர் ஜனாதிபதி. நவம்பரில் மக்கள் வாக்களிப்பார்கள், டிசம்பரில் தேர்வாளர்கள் வாக்களிப்பார்கள், ஜனவரி 6ஆம் திகதி காங்கிரஸ் கூடி அந்த வாக்குகளை எண்ணும், ஜனவரி 20 பதவியேற்பு.

தேர்தல் இரவில் 'இவர் வென்றுவிட்டார்' என்று சொல்வது தொலைக்காட்சி நிறுவனங்கள்தான். அதற்குச் சட்ட வலு எதுவும் இல்லை. ஆகவே நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் நாட்டை அமைதியாக வைத்திருப்பது பெரும்பாலும் தோற்றவரின் ஒரு வார்த்தை. 'நான் தோற்றுவிட்டேன்' என்று அவர் சொல்ல வேண்டும் என எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. வழக்கம், அவ்வளவுதான்.

அந்த வழக்கம் அழகாகவும் இருந்திருக்கிறது. 1992இல் பில் கிளின்டனிடம் தோற்ற மூத்த புஷ், 1993 ஜனவரி 20 அன்று வெள்ளை மாளிகையை விட்டுப் போகும்போது மேசையில் ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போனார். இனி நீங்கள்தான் எமது ஜனாதிபதி, உங்கள் வெற்றிதான் நாட்டின் வெற்றி என்பது அதன் கருத்து. தன்னைத் தோற்கடித்தவருக்கு எழுதிய கடிதம் அது.

இனி அல் கோரின் கதை. 2000 நவம்பர் 7. தொலைக்காட்சிகள் புளோரிடாவை முதலில் கோருக்குக் கொடுத்தன, பிறகு பறித்தன, பிறகு இளைய புஷ்ஷுக்குக் கொடுத்தன. கோர் தொலைபேசியில் புஷ்ஷை அழைத்து வாழ்த்தினார். தோல்வி உரைக்குப் போகும் வழியில் வாக்கு வித்தியாசம் உருகிக்கொண்டு போவது தெரிந்தது. திரும்பவும் அழைத்து, முதலில் சொன்னதை வாபஸ் வாங்கினார். அதன் பிறகு 36 நாள் இழுபறி. கடைசியில் புளோரிடாவின் கணக்கு 537 வாக்கு வித்தியாசம். அந்த 537தான் அந்த மாநிலத்தின் 25 தேர்வாளர் வாக்குகளையும் புஷ்ஷுக்குக் கொடுத்து, அவரை 271க்குக் கொண்டுபோனது. நாடு முழுவதும் கோர் 5 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளால் முன்னால் நின்றார்.

டிசம்பர் 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் மீள் எண்ணிக்கையை முடித்துவைத்தது. அடுத்த நாள் இரவு கோர் நாட்டு மக்கள் முன் வந்தார். தீர்ப்போடு தனக்குக் கடுமையான மாறுபாடு உண்டு, ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அதைவிடக் கடினமானது மூன்று வாரம் கழித்து வந்தது. அவர் அப்போது உப ஜனாதிபதி. காங்கிரஸில் வாக்குகளை எண்ணும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது உப ஜனாதிபதியின் கடமை. 2001 ஜனவரி 6, அவருக்காகவே ஒவ்வொருவராக எழும்பி ஆட்சேபம் சொன்னார்கள் அவரது கட்சியின் பிரதிநிதிகள், பெரும்பாலும் கறுப்பின உறுப்பினர்கள். செனட்டர் ஒருவர் கையெழுத்து வைத்திருக்கிறாரா என்று கேட்டார். எவரும் வைக்கவில்லை. தனக்கு ஆதரவான ஆட்சேபங்களைத் தன் கையாலேயே நிராகரித்துவிட்டு, புஷ் வென்றதாக அறிவித்தார்.

இரண்டாவது சம்பவம் எமக்கு நேரடியாக ஞாபகம் இருக்கிறது. 2008 நவம்பர் 5, எமது நேரப்படி காலை பத்து மணிக்குக் கிட்ட. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் தொலைக்காட்சி. 'ஹுசைன் என்று பெயருள்ளவன் வந்துட்டான்டா' என்று கடைக்காரக் காக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி இலவசம் என்றார். ஒபாமா கிறிஸ்தவர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தேத்தண்ணி கிடைத்திருக்கும்.

அந்தச் சந்தோசத்தில் நாம் யாருமே கவனிக்காதது, அதே நேரத்தில் அரிசோனா மாநிலத்தில் தோற்றவர் பேசிக்கொண்டிருந்ததை. ஜோன் மெக்கெய்ன். ஒபாமாவின் பெயரைச் சொன்னதும் அவரது ஆதரவாளர்கள் கூச்சலிட்டார்கள். கையை உயர்த்தி அடக்கினார். தோல்வி தன்னுடையது, உங்களுடையது அல்ல என்றார். ஒரு கறுப்பின மனிதர் ஜனாதிபதியாவது எவ்வளவு பெரிய விடயம் என்பதைத் தோற்ற வாயாலேயே சொன்னார். நாம் அதைப் பார்த்தது பல வருடங்கள் கழித்து, கல்வியியற் கல்லூரி முடித்து, ஒரு பாடத்துக்கு ஆயத்தம் செய்யும்போதுதான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 2008 ஒக்டோபரில் மினசோட்டா மாநிலக் கூட்டமொன்றில், ஒபாமாவை நம்ப முடியாது, அவர் ஒரு அரபி என்று ஒரு பெண் சொன்னபோது, மெக்கெய்ன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு மறுத்தார். இல்லை, அவர் கண்ணியமான குடும்பஸ்தர் என்றார். உலகமே பாராட்டியது. எமக்கு அது கொஞ்சம் குத்தியது. அரபியாக இருந்தால் கண்ணியமானவராக இருக்க முடியாதா? அந்தக் கேள்வியை ஒன்பது நாள் கழித்துக் கேட்டவர் கொலின் பவல். ஒபாமா முஸ்லிம் அல்ல, ஆனால் முஸ்லிமாக இருந்தால்தான் என்ன, அதில் என்ன பிழை என்று தொலைக்காட்சியில் கேட்டார். மெக்கெய்னின் அதே குடியரசுக் கட்சிக்காரர். ஈராக்கில் பேரழிவு ஆயுதம் உண்டு என்று 2003 பெப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் வாதாடியவரும் அதே பவல்தான். மனிதர்களை முழுதாக நல்லவர், முழுதாகக் கெட்டவர் என்று பெட்டியில் போட முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மூன்றாவது சம்பவம் எல்லோரும் அறிந்தது. 2020 தேர்தலில் ஜோ பைடனுக்கு 306 தேர்வாளர் வாக்குகள், டொனால்ட் ட்ரம்புக்கு 232. ட்ரம்ப் ஏற்கவில்லை. வழக்குப் போடுவது அவரது உரிமை, கோரும் போட்டார். ஆனால் அவரும் அவரது தரப்பும் போட்ட 60க்கும் மேற்பட்ட வழக்குகள் முடிவை மாற்றவில்லை. முடிவை மாற்றக்கூடிய அளவு மோசடி எதையும் காணவில்லை என்று அவரது சொந்தச் சட்டமா அதிபரே டிசம்பர் 1ஆம் திகதி சொன்னார். அப்போதும் நிற்கவில்லை. 2021 ஜனவரி 2, ஜோர்ஜியா மாநிலத்தின் தேர்தல் பொறுப்பாளர் பிராட் ரபன்ஸ்பேர்கருக்குத் தொலைபேசி எடுத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அங்கு பைடன் வென்றது 11,779 வாக்குகளால். ரபன்ஸ்பேர்கரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். மூன்று முறை எண்ணியாகிவிட்டது, கணக்குச் சரி என்று மறுத்துவிட்டார்.

ஜனவரி 6. எமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். கொரோனா காலம், தூக்கமில்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காங்கிரஸ் கட்டடத்தின் யன்னல்களை உடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே போகிறது. வெளியே தூக்குமரம் ஒன்று நடப்பட்டிருக்கிறது. உப ஜனாதிபதி மைக் பென்ஸைத் தூக்கிலிடச் சொல்லிக் கோஷம். அவர் செய்த குற்றம், வாக்குகளைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்ததுதான். சுமார் 140 பொலிஸார் காயப்பட்டார்கள். ஆனால் சபை அன்றிரவே திரும்பக் கூடியது. விடிய 3.40 மணியளவில், எமக்கு லுஹர் தொழுகை முடிந்த நேரம், பென்ஸ் முடிவை அறிவித்தார். பைடனின் பதவியேற்புக்கு ட்ரம்ப் போகவில்லை. 1869க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. மேசையில் ஒரு கடிதத்தை மட்டும் அவரும் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னதாக இருக்கக்கூடாது. 2001, 2005, 2017 ஆகிய ஆண்டுகளில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சிலரும் அதே சபையில் ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அந்த மூன்று முறையும் வேட்பாளர் தோல்வியை ஏற்று வீட்டுக்குப் போயிருந்தார். 2016இல் ஹிலாரி கிளின்டன் கிட்டத்தட்ட 29 இலட்சம் வாக்குகள் அதிகம் எடுத்தும் அடுத்த நாளே ஏற்றுக்கொண்டார். தலைவர் ஏற்றுக்கொண்டால் தொண்டனின் கோபத்துக்குப் போக இடமில்லை. தலைவர் ஏற்காவிட்டால் அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது.

அதன் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2022இல் வந்த சட்டம், உப ஜனாதிபதிக்கு முடிவை மாற்றும் அதிகாரம் கிடையாது என்று தெளிவாகச் சொன்னது. முன்பு ஆட்சேபத்துக்கு இரு சபையிலும் ஒவ்வொருவர் போதும். இப்போது இரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும். வழக்கமாக இருந்ததைச் சட்டமாக எழுத வேண்டி வந்ததே ஒரு நாட்டுக்கு இழப்புத்தான்.

2024இல் ட்ரம்ப் வென்றார். 312க்கு 226. கமலா ஹரிஸ் மறுநாளே தோல்வியை ஏற்றார். 2025 ஜனவரி 6, பனி கொட்டிக்கொண்டிருந்த வொஷிங்டனில், கோர் அமர்ந்த அதே கதிரையில் அமர்ந்து தன் தோல்விக் கணக்கைத் தானே வாசித்தார். கூட்டம் ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் ட்ரம்ப் பதவியேற்று, முதல் நாளே, நான்கு வருடத்துக்கு முந்திய கலகத்தில் குற்றம் சாட்டப்பட்ட சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். ஆக, தோல்வியை ஏற்காதவர் நட்டப்படவில்லை, ஏற்றவர் இலாபப்படவும் இல்லை. பிள்ளைகளிடம் இதை மறைத்தால் அது பாடமில்லை, பிரசாரம்.

இப்போது அந்த மாணவனின் கேள்வி. கோர் விட்டுக்கொடுத்தது சரியா?

மகனே, மூன்று விடயம் சொல்கிறோம். முதலாவது, 2000 டிசம்பரில் கோரிடம் இருந்தது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. அவர் பணிந்தது அதற்கு, புஷ் என்ற மனிதருக்கு அல்ல. 2001 செப்டெம்பரில் என்ன நடக்கும் என்று எவருக்கும் தெரியாது. இரண்டாவது, அவர் விட்டுக்கொடுத்தது கதிரையை, கருத்தை அல்ல. 2002 செப்டெம்பரில், யுத்தத்துக்கு ஆதரவான காற்று பலமாக வீசிய நேரத்தில், சான் பிரான்சிஸ்கோவில் எழும்பி நின்று புஷ்ஷின் ஈராக் திட்டத்தை எதிர்த்துப் பேசினார். மூன்றாவது, அந்த யுத்தத்துக்கு அனுமதி கொடுத்தது 2002 ஒக்டோபரில் காங்கிரஸ். பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133, செனட்டில் 77க்கு 23. ஆதரித்தவர்களில் ஹிலாரி கிளின்டனும் ஜோ பைடனும் இருந்தார்கள். யுத்தத்தைத் தடுக்கும் கதவு அங்கே திறந்துதான் இருந்தது. அதை மூடியவர்களின் பாவத்தை, முறையாகத் தோற்ற ஒருவரின் தலையில் கட்ட முடியாது.

இந்தப் பதில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பக்தாத் தாயிடம் செல்லுபடியாகுமா? ஆகாது. சொன்ன பேரழிவு ஆயுதங்கள் அங்கு கிடைக்கவேயில்லை. காஸாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் எமது கண்களுக்கு, 'அமெரிக்காவிடமிருந்து படிக்க என்ன இருக்கிறது' என்ற கோபம் வருவதும் நியாயம்தான். அந்தக் கோபம் எமக்கும் உண்டு. நாம் வொஷிங்டனின் வெளிநாட்டுக் கொள்கையைப் படிக்கச் சொல்லவில்லை. தோற்ற மனிதன் கூட்டத்தின் முன் வந்து நின்று கூச்சலை அடக்கிய அந்தச் சில நிமிடங்களைப் படிக்கச் சொல்கிறோம். எமது வரலாற்றிலும், இரத்தம் சிந்தக்கூடாது என்பதற்காக ஹஸன் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் ஆட்சியையே விட்டுக்கொடுத்த ஹிஜ்ரி 41 இருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று நாம் சொல்வதில்லை.

சரி, இரண்டாவது கேள்வி.

எட்டு வருடத்துக்கு முன் எமது விளையாட்டுக் கழகத் தேர்தல். நாம் பதினொரு பேர் ஓர் அணி. எதிரில் ஒரு காக்கா, கடை வைத்திருப்பவர், எங்களுக்கெல்லாம் பந்து வாங்கித் தந்தவர். ஐந்து வாக்கால் தோற்றோம். சந்தா கட்டாத இரண்டு பேர் வாக்களித்தார்கள் என்றோம். இரண்டைக் கழித்தாலும் மூன்றால் தோல்விதான், எமது பதினொரு பேரில் பாதிப்பேர் ஆசிரியர்கள், கழித்தல் தெரியாமல் இல்லை. முடிவை எழுதிக் கையெழுத்து வைக்கும் முன்பே எழும்பி வந்தோம். மூன்று கிழமையில் புதிய கழகம், புதிய ஜேர்சி. கொள்கைக்காகப் பிரிந்தோம் என்று சொல்லிக்கொண்டோம். அந்தக் கொள்கை என்ன என்று இன்று கேட்டால் பதினொரு பேரும் பதினொரு பதில் சொல்வோம்.

அதன் விலை எங்களுக்கு வெள்ளம் வந்த வருடம்தான் தெரிந்தது. இரண்டு கழகமும் இரண்டு இடத்தில் சோறு சமைத்தது. ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. கடற்கரைத் தெருவுக்கு இரண்டு தரப்புப் பார்சலும் போனது, மிஞ்சியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகளுக்கு 'அவங்க கொடுத்திருப்பாங்க' என்று இரண்டு பேருமே போகவில்லை. இரவு பத்து மணிக்கு ஓர் உம்மம்மா இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, பிள்ளைகளுக்குச் சோறு இருக்கா என்று கேட்டார். எங்கள் சட்டி அப்போது கழுவியாகிவிட்டது.

காங்கிரஸின் யன்னலை உடைத்தவர்களைப் போனில் பார்த்து நாம் சிரித்தோம். எங்கள் யன்னல் எது என்று யோசிக்கவில்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, நாம் மூன்று பேர் அந்தக் காக்காவின் கடைக்குப் போனோம். சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் தராசைப் பார்த்தார்.

"என்ன தம்பிமார், எல்லாரும் ஒண்டா வாறீங்க. மௌத்தா ஆரும்?"

"இல்ல காக்கா. தேர்தல்ல வென்றதுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தோம்."

பையைக் கட்டி வாடிக்கையாளரிடம் கொடுத்து, காசை வாங்கிப் போட்ட பிறகுதான் பேசினார்.

"நான் விட்டு ரெண்டு வருசம். இப்ப தலைவர் உங்கட மாணவன்தான். எனக்குச் சொல்லி என்ன, அவனுக்குப் போய்ச் சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கே வந்திருந்தா நான் உங்கள்ல ஒருத்தனச் செயலாளராப் போட்டிருப்பன்" என்றார். தேத்தண்ணி தரவில்லை. நாமும் எதிர்பார்க்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு அந்தக் கழகத்தின் பொதுக்கூட்டம். இன்ஷா அல்லாஹ் போவோம். பின்னால் உட்காருவோம். இரண்டு கழகமும் ஒன்றாகுமா என்று தெரியாது, அடுத்த மழைக்கு ஒரே சட்டியில் சமைக்க முடியுமா என்று மட்டும் கேட்போம். பதினொரு பேரில் இதுவரை ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சம் ஐந்து பேரும் இந்தப் பதிவை வாசிப்பீர்கள் என்று தெரியும்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்த மாணவனுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவனுடைய வாப்பா சொன்னது சரி.